வெள்ளத்துக்கு ஓடி வந்தோம். பகுதி சபைக்கு ஏன் வரவில்லை?



தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ குடியிருக்கும் ஒருவரிடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தோண்டிய பள்ளம் மூடப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, கால்வாயில் தண்ணீர் ஓடவில்லை, குழாயில் வரும் தண்ணீரில் வாடை அடிக்கிறது, மழை வந்தால் வாசல்படி தெரியவில்லை என்று நீண்ட பட்டியல் ஒன்றைச் சொல்வார். முடிக்கும்போது, "யாரிடம் போய்ச் சொல்வது?" என்று பெருமூச்சு விடுவார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் அந்த வாசலை மிதிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இளைஞர்களாகிய உங்களிடமும் வியாபாரப் பெருமக்களாகிய உங்களிடமும் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

2015ஐ மறந்துவிட்டீர்களா?

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர்! அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. ஆயுள் முழுவதும் சேர்த்து வாங்கிய பொருள்கள் ஒரே இரவில் சேற்றோடு போயின. கடைகளில் இருந்த சரக்கு குப்பையானது.

அந்த நாட்களில் சென்னையிலும் புறநகரிலும் நம் சமுதாயம் என்ன செய்தது? பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. நம் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முதியவர்களைச் சுமந்து வந்தார்கள். இரவு பகலாகச் சோறு ஆக்கி வீடு வீடாகக் கொண்டு போனார்கள். தண்ணீர் வடிந்தபின் துடைப்பத்தை எடுத்தார்கள். கோயில் வளாகங்களையும் முஸ்லிம் இளைஞர்கள் கழுவிவிட்டதைப் பத்திரிகைகள் எழுதின. சாதி, மதம் யாரும் கேட்கவில்லை. நாட்டு மக்கள் நம்மைச் சரியாகப் பார்த்த நாட்கள் அவை.

சரி, அதன்பின் என்ன நடந்தது? 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம் மீண்டும் தண்ணீரில் நின்றன. மீண்டும் நம் இளைஞர்கள் ஓடினார்கள். மீண்டும் அடுப்பு மூட்டினோம்.

அடுத்த முறையும் ஓடுவோம். சந்தேகமில்லை. ஆனால், சகோதரர்களே, வெள்ளம் வந்தபின் ஓடுவது மட்டும்தான் நம் வேலையா? வெள்ளம் வராமல் தடுப்பது எப்படி என்று பேசும் இடத்தில் நம்மில் எத்தனை பேர் இருந்தோம்?

தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது

நம் பகுதியின் நிலத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேருகிறது. கிழக்கே கதை வேறு. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் சேம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும். நம் முன்னோர் வெட்டி வைத்த சங்கிலி இது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும்.

அந்தச் சங்கிலியை நாம் என்ன செய்தோம்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலேயே பெருங்குடி குப்பைமேடு எழுந்தது. பல்லாவரம் பெரிய ஏரியைப் பிளந்துகொண்டு துரைப்பாக்கம் சாலை போனது. மிச்சமிருந்த ஏரியில் குப்பை கொட்டப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் தலம் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் கிடைத்த நேரத்தில் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டிருந்தது!

இனி நிர்வாகத்தைப் பாருங்கள். ஏரி நீர்வளத் துறைக்குச் சொந்தம். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. தெருக் கால்வாய் மாநகராட்சிக்கு. வீட்டுமனை அனுமதியில் சி.எம்.டி.ஏ.வுக்கும் பங்கு உண்டு. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது முடிச்சூர் அதில் சேரவில்லை. அது ஊராட்சியாகவே நின்றது. பக்கத்திலேயே இருக்கும் வரதராஜபுரமோ காஞ்சிபுரம் மாவட்டம். தண்ணீர் இந்த எல்லையெல்லாம் பார்த்தா வருகிறது? ஆனால் மனு கொடுக்கப் போகும் குடிமகனுக்கு மட்டும் ஒவ்வொரு மேசையிலும் எல்லை காட்டப்படுகிறது. "இது எங்கள் வேலை இல்லை" என்ற ஒரே வாசகத்தை நான்கு அலுவலகங்களில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிறான். அந்தப் பெருமூச்சு பிறக்கும் இடம் இதுதான்.

வரி உண்டு, வாய் உண்டா?

2021 நவம்பர் 3 அன்று தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், சேம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. வார்டுகள் 70. 2022 பிப்ரவரி 19 அன்று முதல் தேர்தல் நடந்தது.

அதற்கு முந்தைய நிலை நினைவிருக்கிறதா? 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகத்தின் எந்த நகராட்சியிலும் மாநகராட்சியிலும் மக்கள் பிரதிநிதி இல்லை. தனி அதிகாரிகள்தான் ஆண்டார்கள். உள்ளாட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. அது 1993இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் இருந்தும் ஐந்தாண்டு தெருவுக்கு ஆள் இல்லை! நாம் எத்தனை பேர் கேட்டோம்?

ஆனால் வரி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. 2022இல் தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. வீட்டைவிடக் கடைக்குக் கூடுதல் சுமை. உரிமக் கட்டணம், குப்பைக் கட்டணம் என்று வியாபாரி கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கொடுக்கும் கைக்குக் கேட்கும் உரிமையும் உண்டு என்பதை மட்டும் அவன் மறந்துவிட்டான்.

கேட்கும் இடம் எது?

கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதைப் போல நகரத்துக்கும் ஒரு சபை இருக்கிறது. அதிகாரிகள் அதை ஏரியா சபை என்கிறார்கள். பகுதி சபை என்று நாம் சொல்வோம். 2022 ஜூனில் தமிழக அரசு இதற்கான விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். ஆம்! நீங்களும் உறுப்பினர். உங்கள் தாயும் மனைவியும் உறுப்பினர்கள். யாருடைய சிபாரிசும் வேண்டாம், எந்தக் கட்சி அட்டையும் வேண்டாம்.

ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள். ஜனவரி 25 வாக்காளர் தினம், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள், டிசம்பர் 10 மனித உரிமை தினம். இந்த நான்கு தேதிகளையும் கடை நாட்காட்டியில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.

குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர், சாலை ஆகியவற்றில் உள்ள குறைகளைச் சபையில் சொல்லலாம். எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று முன்வைக்கலாம். இந்தச் சபை தொடங்கியபோது, 2022 நவம்பர் 1 அன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து உட்கார்ந்த இடம் எது தெரியுமா? நம் தாம்பரம் மாநகராட்சியின் பம்மல் 6ஆவது வார்டு! நம் வீட்டு வாசலில் தொடங்கிய ஒன்றை நாமே எட்டிப் பார்க்காவிட்டால் அதைவிட வெட்கம் வேறென்ன?

கூட்டம் பெயருக்கு நடக்கிறது, அறிவிப்பே கிடைப்பதில்லை, கவுன்சிலருக்கு வேண்டியவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கலைகிறார்கள் என்ற குறை பல ஊர்களிலும் கேட்கிறது. இருக்கட்டும். காலி நாற்காலிகள் இருக்கும் கூட்டம் பெயருக்குத்தான் நடக்கும். நூறு பேர் போய் நின்றால் அதே கூட்டம் வேறு மாதிரி நடக்கும்.

மூன்று சாக்குகள்

நாம் ஏன் போவதில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன.

"நம் பேச்சு எடுபடாது" என்பது முதல் சாக்கு. பள்ளிவாசல் சுவருக்கும் மையவாடி வேலிக்கும் மனு கொடுக்கத் தெரிந்த நமக்கு, கால்வாய்க்கு மனு கொடுக்கத் தெரியாதா? நாம் அதிகாரியிடம் போவது நம் மார்க்க விஷயங்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் அவர்களுக்கும் வந்துவிட்டது, நமக்கும் வந்துவிட்டது. முஸ்லிம் தெருவின் சாக்கடை முஸ்லிம் பிரச்சினையா? அது ஊர்ப் பிரச்சினை. பக்கத்துத் தெரு முருகேசனும் எதிர் வீட்டு ஜோசப்பும் அதே கொசுக்கடியில்தான் தூங்குகிறார்கள். அவர்களோடு சேர்ந்து போங்கள். எடுபடுகிறதா இல்லையா என்று பிறகு பாருங்கள்.

"கடையை யார் பார்ப்பது?" என்பது இரண்டாவது. ஒரு மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வந்தால் எத்தனை நாள் ஷட்டரை மூடி வைக்கிறீர்கள்? ஆண்டுக்கு நான்கு தடவை, தடவைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கொடுக்க மனமில்லாதவர், நஷ்டக் கணக்கு எழுதப் பத்து நாள் உட்காருகிறார். இது என்ன வியாபாரம்?

"அது கட்சிக்காரர்கள் சமாச்சாரம்" என்பது மூன்றாவது. நாம் வராத இடத்தில்தான் அது கட்சிக்காரர்கள் சமாச்சாரம் ஆகிறது.

அருகிலேயே ஒரு சாட்சி

சிட்லபாக்கத்தைப் பாருங்கள். அங்கே ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று குடியிருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். மனு போட்டார்கள், ஆக்கிரமிப்பைப் படம் எடுத்தார்கள், தகவல் கேட்டார்கள், நீதிமன்றம் போனார்கள். 2019இல் சென்னையே குடிநீருக்குத் தவித்த கோடையில், வறண்ட ஏரியில் தாங்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். அதே ஆண்டு அந்த ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாயை அரசு அறிவித்தது. அவர்கள் கோடீஸ்வரர்கள் அல்ல. சம்பளக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள். அவர்களிடம் இருந்தது விடாப்பிடி ஒன்றுதான். அது நம்மிடம் இல்லையா? வெள்ளத்தில் இறங்கிய இளைஞனிடம் இல்லாத விடாப்பிடியா?

நம் கை சுத்தமா?

அடுத்தவரைக் கேட்கும் முன் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணி தோல் தொழிலில் நம் சமுதாயத்துக்கும் பங்கு உண்டு. அந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும் உண்மை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இந்தப் பகுதி அப்போது அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்படத் தமிழகத்தின் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை நாட்டுக்கே நிலைநாட்டியது அந்தத் தீர்ப்பு. கேட்பவர் இல்லாமல் பல ஆண்டுகள் ஓடினால் ஒரு நாள் நீதிமன்றம் கேட்கும். அன்று தொழிலுக்கும் ஆபத்து, பெயருக்கும் ஆபத்து.

இன்றைய கதைக்கு வாருங்கள். இரவில் மூட்டை கட்டிக் கோழிக் கழிவை ஏரிக்கரையில் வீசுபவர் யார்? பிரியாணிக் கடையின் எண்ணெயும் எலும்பும் எந்தக் கால்வாயில் போகின்றன? கடை வாசலுக்குப் படிக்கட்டு வைத்து மழைநீர் வடிகாலை அடைத்தவர் யார்? எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். நம்மில் சிலரும் செய்கிறோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத், பாதையில் தொல்லையைப் போடலாமா? மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016இலேயே விதியாகிவிட்டது. பிரித்துக் கொடுக்கும் வியாபாரிக்குத்தான், "என் கடை முன்னால் ஏன் குப்பை வண்டி வரவில்லை?" என்று கேட்க நா எழும்.

இனி என்ன செய்யலாம்?

பெரிய போராட்டம் எதுவும் கேட்கவில்லை. சாலை மறியல் கேட்கவில்லை. இந்தச் சிறிய வேலைகளைச் செய்யுங்கள்.

இளைஞர்களே! உங்கள் தெருவின் கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று மழைக்கு முன்பே நடந்து பாருங்கள். அடைபட்ட இடம், மூடி இல்லாத இடம், குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் போகும் இடம் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, பேதியால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், உயிர்கள் போனதும் நீங்கள் அறிந்ததே. குடிநீரில் கழிவுநீர் கலந்தது என்று மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பு மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வாதம் இறந்தவர்களைக் கொண்டு வரப் போவதில்லை. குழாயைப் பற்றிய கேள்வியை டிசம்பரில் மருத்துவமனை வாசலில் கேட்பதைவிட செப்டம்பர் 15 அன்று சபையில் கேட்பது மேல்.

வேலை நடந்ததாகச் சொல்கிறார்களா? தகவல் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போதும். எங்கள் தெருக் கால்வாய் வேலைக்கு மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், முடிக்க வேண்டிய தேதி எது, அளவீட்டுப் புத்தகத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும்கூட அந்தச் சட்டம் உரிமை தருகிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

வியாபாரப் பெருமக்களே! சாலையோரம் கடை போட்டுப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கு 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியும் முன் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகளாக இருக்க வேண்டும். சிறுபான்மையினருக்கும் அதில் உரிய இடம் தரச் சொல்கிறது. சண்முகம் சாலையில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு இதை எடுத்துச் சொல்வது பெரிய கடைக்காரரின் கடமை. இருவரும் எதிரிகள் அல்லர். இருவர் காலடியிலும் ஓடுவது ஒரே சாக்கடை.

ஜமாஅத் நிர்வாகிகளே! சபை நாளுக்கு முந்தைய ஜும்ஆவில் ஒரு நிமிடம் ஒதுக்கி அறிவியுங்கள். எங்கே கூட்டம், எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதிப் போடுங்கள். மஹல்லாவில் உள்ள வழக்கறிஞர், பொறியாளர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஆகியோரை அழைத்து, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்களை அழைத்து வாருங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, எந்த நிறத்தில் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சபையில் பேசினால் மட்டும் போதாது. கேட்டதை எழுத்தில் கொடுங்கள். பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். அடுத்த கூட்டத்தில், "போன கூட்டத்தில் கேட்டோமே, என்ன ஆயிற்று?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். கோபம் வேண்டாம், கூச்சல் வேண்டாம், தனிநபர் தாக்குதல் வேண்டாம். தேதியும் படமும் எண்ணும் பேசட்டும். ஒரு கூட்டத்தில் நடக்காவிட்டால் நான்காவது கூட்டத்தில் நடக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வந்துவிடுகிறது. அதற்கு முன் கடைசியாகக் கூடும் சபை செப்டம்பர் 15 அன்று. அன்று உங்கள் பகுதி சபையில் எத்தனை முஸ்லிம் இளைஞர்கள், எத்தனை வியாபாரிகள் உட்கார்ந்திருப்பீர்கள்? பதில் உங்களிடம்தான் இருக்கிறது.